கண்டுபிடிக்க முடியாத பல்

படிவத்தில் பதினோரு கேள்விகள் இருந்தன. கி-பொம் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டான். சர்க்கரை நோய் இல்லை. ஒவ்வாமை இல்லை. கர்ப்பம் இல்லை. செயற்கைப் பல் இல்லை. பேனா மேலிருந்து கீழே ஒரே கோடாக இறங்கியது. மனைவி இறந்த இந்த ஒன்றரை வருடத்தில் அவன் எந்தப் படிவத்தையும் படித்ததில்லை. கையெழுத்து எங்கே என்று மட்டும் பார்ப்பான்.

தென்கொரியாவில், புச்சோன் நகரத்தில் லிஃப்ட் பரிசோதிக்கும் வேலை அவனுக்கு. இந்தக் கட்டடத்து லிஃப்டையும் அவன்தான் பரிசோதித்திருந்தான். ஏழு மாடிகளில் நான்கு பல் ஆஸ்பத்திரிகள். அக்கா சொன்னது ஐந்தாம் மாடி. அதனால் ஐந்தாம் மாடிக்கு வந்திருந்தான்.

அக்கா மி-ரன் போன வாரம் போனில் பிடித்துக்கொண்டாள்.

"டேய், சனிக்கிழமை பொண்ணு பாக்கப் போறே. உடனே பயந்துடாத. ஒரு ஓட்டல், ஒரு காபி, ஒரு மணி நேரம். அவ்ளோதான்."

"சரி."

"அதுக்கு முன்னாடி பல்லை வெளுத்துக்கோ. கண்ணாடியில பாத்தியா என்னிக்காவது? பார்லி டீயில ஊறப் போட்ட மாதிரி இருக்கு. புதன்கிழமை மூணு மணிக்கு நானே டைம் வாங்கிட்டேன்."

"சரி."

"எதுக்குடா சரி?"

"எல்லாத்துக்கும்."

"உன்கிட்ட சண்டை போடக்கூட முடியலடா," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

டாக்டர் அரை நிமிடம் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார். நர்ஸ் உதட்டை விலக்கி ஒரு பிளாஸ்டிக் வளையத்தை மாட்டினாள். ஈறுகளுக்கு நீல நிறப் பூச்சு. பற்களின் மேல் பசை. பிறகு நீல விளக்கு. மூன்று தடவை, ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம்.

இரண்டாம் தடவையில் வலி வந்தது. விட்டு விட்டு, ஒரு பல்லிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. வேட்டைப்பல்லில் ஒன்று. அதன் பக்கத்துப் பல்லில் ஒன்று. வலது முன்பல்லில் மின்சாரம் போல ஒன்று. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். கண்ணோரம் ஈரமானது. உடம்பில் எங்காவது வலித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தான். நினைவில்லை.

"வலிச்சா கையைத் தூக்குங்க," என்றாள் நர்ஸ்.

அவன் தூக்கவில்லை. இடது முன்பல்லில் மட்டும் எதுவுமே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. வலி அந்த இடத்தைத் தாண்டித் தாண்டிப் போயிற்று.

ஐயோ, என்று நினைத்தான். அவ்வளவுதான் நினைத்தான்.

முடிந்ததும் நர்ஸ் கண்ணாடியை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. மேல்வரிசை முழுக்கப் புதுச் சுவர் மாதிரி வெளுத்திருந்தது. நடுவில், மூக்குக்கு நேர் கீழே, ஒரே ஒரு பல் பழைய நிறத்தில் நின்றது. கல்யாண வீட்டுக்கு வேலை உடையோடு வந்த ஆள் மாதிரி.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் பேசி முடிப்பதற்கென்றே ஒரு அம்மாள் இருந்தார். கழுத்தில் துணி கட்டி, முடியை இறுக்கிப் போட்டிருந்தார். ஓடி வந்தார்.

"சார், இது வெச்ச பல்லா, இம்ப்ளான்ட்டா?"

"ஆமா."

"படிவத்துல இல்லைன்னு போட்டிருக்கீங்களே!"

"படிக்கல."

"திருகாணி மேல மாட்டியிருக்கற கேப் பீங்கான் சார். பீங்கானை எத்தனை மருந்து போட்டாலும் வெளுக்காது. பல்லு வெளுக்கும், இது வெளுக்காது. தெரிஞ்சிருந்தா முன்னாடியே சொல்லியிருப்போம். இம்ப்ளான்ட் போட்டவங்களுக்கு மொதல்ல வெளுத்துட்டு, அப்புறம் அந்த நிறத்துக்கு ஏத்த மாதிரி கேப்பை மாத்தணும்." அவர் குனிந்து அவன் வாயையே பார்த்தார். குரல் இறங்கியது. "எங்க டாக்டரே கண்டுபிடிக்கல பாருங்க. இருபது வருஷமா பல்லு பாக்கறேன், நானும் கண்டுபிடிக்கல. எந்த லேப்ல சார் செஞ்சாங்க?"

"இப்ப இல்ல," என்றான் கி-பொம்.

அவர் லேப் மூடிவிட்டது என்று புரிந்துகொண்டார். அவனும் திருத்தவில்லை.

ரெண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். வெளுத்த பல் முதலில் அதிகமாக வெளுத்துக் காட்டுமாம். நிறம் நிலைக்க ரெண்டு வாரம் ஆகுமாம். அதன் பிறகு நிறம் பார்த்துப் புது கேப். பழையதைத் திருகாணி கழற்றி எடுத்துவிடலாம், பத்து நிமிட வேலை. வலிக்காது.

"சரி," என்றான்.

கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். ரெண்டு வாரத்துக்குச் சாப்பிடக் கூடாதவை: காபி, டீ, கோலா, கிம்ச்சி, சோயா சாஸ், மிளகாய் விழுது, கறுப்பு நூடுல்ஸ், சாக்லேட், திராட்சை, சிவப்பு ஒயின். தாளை மடித்துப் பையில் வைத்தான். லிஃப்டில் இறங்கும்போது வழக்கம்போலக் கயிற்றின் சத்தத்தைக் கவனித்தான். சரியாக இருந்தது.

*

அந்தப் பல்லை யோன்-சு செய்தாள்.

எட்டு வருடத்துக்கு முன்பு. கம்பெனி விளையாட்டு நாளில், காலால் ஆடும் வாலிபாலில், சக ஊழியன் ஒருவனின் முழங்கால் அவன் முகத்தில் இறங்கியது. பல் வேரோடு போயிற்று. எலும்பில் திருகாணி வைத்து நான்கு மாதம் ஆறவிட்டு, கேப் வைக்கும் கட்டம் வந்தபோது, டாக்டர் அவனை நேராகப் பல் செய்யும் லேபுக்கே போகச் சொன்னார். ஒற்றை முன்பல்தான் இருப்பதிலேயே கஷ்டமாம். பத்துப் பல் ஒன்றாகச் செய்வது சுலபம். பக்கத்திலேயே உண்மையான பல் நிற்கும்போது ஒன்றே ஒன்று செய்வதுதான் தலைவலி. செய்கிறவளே நேரில் பார்க்க வேண்டும்.

லேப் ஒரு டயர்க் கடைக்கு மேலே இருந்தது. முகமூடியும் கண்ணாடியும் போட்ட ஒரு பெண் அவனை வடக்கு ஜன்னலோரம் உட்கார வைத்தாள். அவன் சிவப்பு டீ-ஷர்ட் போட்டிருந்தான். மேலே சாம்பல் துணி ஒன்றைப் போர்த்தினாள்.

"சிவப்பு கண்ணை ஏமாத்தும். வாயைத் திறங்க. பல்லை நாக்கால நனைச்சுக்கிட்டே இருங்க. காஞ்சா வெளுத்துக் காட்டும்."

பதினாறு மாதிரிப் பற்கள் கோத்த பட்டை ஒன்று அவள் கையில் இருந்தது. ஒவ்வொன்றாக அவன் பல்லருகே பிடித்துப் பார்த்தாள். ஐந்து நொடிக்கு மேல் பார்க்கமாட்டாள். கண் களைத்தால் நிறம் மாறிவிடும் என்று நடுநடுவே சாம்பல் துணியைப் பார்ப்பாள். அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு பெண் தன் முகத்தை இத்தனை பக்கத்தில் வைத்து இத்தனை நேரம் தன்னைப் பார்த்ததே இல்லை என்பது அவனுக்கு உறைத்தது. வாயைத் திறந்து வைத்திருந்ததால் எதுவும் சொல்ல முடியவில்லை.

"நாளைக்கு எத்தனை காபி?"

நான்கு விரல் காட்டினான்.

"கறுப்பா, பால் போட்டதா?"

விரலால் கறுப்பு ஷூவைக் காட்டினான். அவள் சிரித்தாள்.

"அதான் பல்லோட கழுத்துல, ஈறோரமா, பழுப்பு ஏறியிருக்கு. அதையும் போடறேன். வலது பல்லுல மயிர்க்கீறல் ஒண்ணு இருக்கு, அதே மாதிரி இதுலயும் ஒண்ணு இழுக்கறேன். காபியை மட்டும் விட்டுடாதீங்க. விட்டீங்கன்னா என் நிறம் தப்பாயிடும்."

பல் பொருத்திய அன்று அவளே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். வரவேண்டிய அவசியமில்லை. வெளியே நிறுத்தி வைத்து வெயிலில் சிரிக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"யாராவது கண்டுபிடிச்சா எனக்குப் போன் பண்ணுங்க."

"பண்ணினா?"

"நான் தோத்துட்டேன்னு அர்த்தம். காசைத் திருப்பித் தந்துடறேன்."

யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவன் வேறு காரணம் சொல்லிப் போன் செய்தான். அடுத்த வருடம் கல்யாணம். கிட்டத்தட்ட ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தார்கள். போன வருடம் பிப்ரவரியில் வேலை மேஜையிலேயே அவள் தலை சாய்ந்தது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. இரண்டு நாள். முப்பத்திரண்டு வயது.

அந்தப் பல் செயற்கை என்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது. அத்தனை நன்றாகச் செய்திருந்தாள்.

*

வியாழக்கிழமை அக்கா ஒரு டப்பா வெள்ளைக் கிம்ச்சியோடு வந்தாள். மிளகாய் போடாமல் அவனுக்காகவே போட்ட கோஸ் ஊறுகாய். கதவைத் திறந்தவன் வாயைப் பார்த்ததும் டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"என்னடா இது? பியானோ மாதிரி இருக்கு."

"கேப் வெளுக்காது."

"நீ சொல்ல வேண்டியதுதானே அவங்ககிட்ட?"

"மறந்துட்டேன்."

"பல்லு பொய்ப்பல்லுன்னு மறந்துட்டியா? வேற எவனாவது மறப்பானா?" கேட்டுவிட்டு, யார் செய்தது என்பது அவளுக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். சமையலறைக்குப் போனாள். குளிர்பெட்டியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. "சரி விடு. ரெண்டு வாரத்துல மாத்திடலாம்ல? சனிக்கிழமை மட்டும் சிரிக்காம பேசு. நீ எங்க சிரிக்கப்போறே, அது ஒண்ணும் கஷ்டமில்ல."

சனிக்கிழமை ஓட்டலில் அவனுக்கு முன்பே அந்தப் பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். சோன்-யொங். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியை. முப்பத்து நான்கு வயது. கணவனிடமிருந்து பிரிந்து மூன்று வருடம் ஆகிறது என்று உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே சொல்லிவிட்டாள்.

அவன் வெந்நீர் கேட்டான்.

"வெந்நீரா? அறுபது வயசு ஆளை அனுப்பிட்டாங்களா?"

"காபி குடிக்கக் கூடாது. பல்லு."

சொன்னபோது உதடு சற்று விலகியது போலும். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. நாள் பூரா பக்கத்து சீட்ல உட்கார்ந்து அடுத்தவங்க தப்பைக் கண்டுபிடிக்கறதே என் பொழப்பு. அந்த ஒரு பல்லு மட்டும் வேற நிறமா இருக்கே."

கி-பொம் கோப்பையைக் கீழே வைத்தான். எட்டு வருடத்தில், ஆஸ்பத்திரிக்கு வெளியே, முதல் ஆள். யாராவது கண்டுபிடித்தால் போன் செய்யச் சொல்லியிருந்தாள் யோன்-சு. அந்த எண் இன்னும் அவனிடம் இருந்தது. கை சட்டைப்பைக்குப் போய், வெறுமனே திரும்பி வந்தது.

"என் மனைவி செஞ்சது," என்றான்.

"என்னது?"

"பல்லு. அவ லேப்ல வேலை பாத்தா. யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு செஞ்சா. யாரும் கண்டுபிடிக்கல. இந்த வாரம் நான் மத்ததெல்லாம் வெளுத்துட்டேன்."

ஒன்றரை வருடத்தில் ஒரே மூச்சில் அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான். பேசி முடித்ததும் களைப்பாக இருந்தது.

சோன்-யொங் தன் காபியைக் கிளறிக்கொண்டே இருந்தாள். "அப்ப அவங்க தப்பு இல்ல. உங்க தப்பு."

"ஆமா."

"இதை என்ன பண்ணப் போறீங்க?"

"அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் மாத்திடுவாங்க."

"உங்களுக்கு மாத்தணுமா?"

கேட்ட கேள்வி தெளிவாகத்தான் இருந்தது. பதில் இருக்கும் இடத்தில் கை விட்டுத் துழாவினான், எதுவும் தட்டுப்படவில்லை. அவள் நேரத்தைப் பார்த்தாள். இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அந்த நாற்பது நிமிடமும், சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்ட ஒரு பாட்டியைப் பற்றி அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

*

ரெண்டு வாரமும் வெள்ளையாகவே சாப்பிட்டான். சோறு, டோஃபு, முள்ளங்கி சூப், அக்காவின் வெள்ளைக் கிம்ச்சி. அலுவலகத்தில் மதியம் எல்லோரும் வரிசையாகக் கைகழுவும் இடத்தில் நின்று பல் விளக்கும்போது, அவன் மட்டும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று விளக்கினான்.

மறுபடி ஐந்தாம் மாடி. அதே நாற்காலி. டாக்டர் திருகுவதற்கான சின்னக் கருவியை எடுத்தார். அந்த அம்மாள் தட்டில் ஒரு சிறு பிளாஸ்டிக் பையை வைத்தார்.

"அது எதுக்கு?" என்று கி-பொம் கேட்டான்.

"பழைய கேப் போட. சில பேர் கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. வேணாம்னா நாங்களே கழிவுல போட்டுடுவோம். என்ன சார் பண்ண?"

அவன் பையைப் பார்த்தான். வாயை மூடினான்.

"சார், வாயைத் திறங்க," என்றார் டாக்டர்.

"இதை மாத்தாம விட்டா?"

"இப்படியேதான் இருக்கும். நடுவுல ஒரு பல்லு பழுப்பா."

"மத்த பல்லுங்க?"

"அதுங்க கொஞ்சம் கொஞ்சமா பழைய நிறத்துக்குப் போகும். கவனமா இருந்தா ஒரு வருஷம் தாங்கும்."

"கவனமா இல்லேன்னா?"

டாக்டர் அந்த அம்மாளைப் பார்த்தார். அவர் டாக்டரைப் பார்த்தார்.

"காபி, கறுப்பு நூடுல்ஸுன்னு இஷ்டத்துக்குச் சாப்பிட்டா மூணு மாசம்," என்றார் அந்த அம்மாள். "ஏன் கேக்கறீங்க?"

கி-பொம் மேலே கட்டியிருந்த காகிதத் துணியைக் கழற்றி, நான்காக மடித்து, நாற்காலிக் கைப்பிடியில் வைத்தான். மன்னிப்புக் கேட்டான். இந்த முறை 'சரி' என்று சொல்லவில்லை.

கீழே பெட்டிக்கடையில் கறுப்புக் காபி வாங்கினான். வாசலிலேயே நின்று ஒரு வாய் உறிஞ்சி, விழுங்காமல் வைத்திருந்தான். வெளுத்த பற்கள் சூட்டில் கூசின. இடது முன்பல் கூசவில்லை. விழுங்கினான். பையிலிருந்த தாளை எடுத்துப் பிரித்தான். சாப்பிடக் கூடாதவை. மேலிருந்து ஆரம்பித்தான்.

அக்கா கத்தினாள். "பைத்தியமாடா நீ? அழுக்குப் பல்லுக்கு நாள் குறிச்சு உட்கார்ந்திருக்கே!" என்றாள். "அந்தப் பொண்ணு கிட்ட நான் என்ன சொல்றது?" என்றாள். கடைசியில், நவம்பரில் கிம்ச்சி போடும்போது அவன் பங்குக்கு மிளகாயை இரண்டு மடங்கு போட்டு அனுப்பினாள்.

யோன்-சுவின் மேஜை டிராயரில் அந்தப் பட்டை இருந்தது. பதினாறு மாதிரிப் பற்கள். ஒன்றை மட்டும் அவள் கழற்றித் தனியாக நூலில் கட்டியிருந்தாள். அவனுடைய பல்லின் நிறம். காலையில் ஜன்னலோரம் நின்று, பல்லை நாக்கால் நனைத்து, அதைப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பான். ஐந்து நொடி. பிறகு சாம்பல் சட்டை ஒன்றைப் பார்ப்பான். மறுபடி ஐந்து நொடி. வேலைக்குப் போவான்.

சோன்-யொங் முதலில் ஒரு செய்தி அனுப்பினாள்: 'பல்லு என்னாச்சு?' அவன் நடந்ததை எழுதினான். நெடு நேரம் கழித்து, 'அப்ப காபிக்கு ஆள் வேணுமே' என்று வந்தது.

அவளுடைய பள்ளிக்கு எதிரில் இருந்த காபிக் கடையில் வாரத்துக்கு ஒரு தடவை சந்தித்தார்கள். அவள் வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே கிடைக்கும் அரை மணி நேரம். அவன் இரண்டு கோப்பை குடிப்பான்.

"உங்க பல்லு கறுக்க நான் தூக்கத்தைத் தொலைக்கணுமா? எனக்குப் பால்," என்று சொல்லிவிட்டு, பாலைக் குடித்து மேலுதட்டைத் துடைத்துக்கொள்வாள். சில நாள் இருவரும் எதுவும் பேசுவதில்லை. அவளுக்கு அது பழக்கம்போல இருந்தது. பேசாமல் ஓட்டுகிறவர்கள்தான் நல்ல மாணவர்கள் என்று ஒரு தடவை சொன்னாள்.

ஜனவரியில் ஒரு நாள், கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சிரிங்க."

"எதுக்கு?"

"சிரிங்கன்னா சிரிங்க. பரீட்சை."

அவன் உதட்டை விலக்கினான். அவள் மேஜையின் குறுக்கே குனிந்தாள். வெளியே பனி வெளிச்சம் வெள்ளையாக இருந்தது. மறைக்க எதுவுமில்லை. அவன் நாக்கால் பல்லை நனைத்துக்கொண்டான். அவள் கண் இடம் வலமாகப் போய், வலம் இடமாக வந்தது. புருவம் சுருங்கியது. அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதே தொழிலாகக் கொண்டவள். தோற்கப் பிடிக்காதவள்.

"இருங்க, சொல்லாதீங்க." விரலைத் தூக்கினாள். அவனுடைய சொந்தப் பல்லை, வலது முன்பல்லைக் காட்டினாள். "இது. கீறல் தெரியுது பாருங்க. இதுதான்."

கி-பொம் வாயை மூடினான். கோப்பையை எடுத்துக் குடித்தான். கூச்சம் இப்போது எந்தப் பல்லிலும் இல்லை.

"ஆமா," என்றான். "அதுதான்."

"பாத்தீங்களா!" என்று சொல்லிவிட்டு, அடுத்த வகுப்புக்கு நேரமாயிற்று என்று அவள் கோட்டை எடுத்துக்கொண்டாள்.

அவன் இன்னொரு காபி சொன்னான்.